பவுல்குப்பத்துக்கு ஒரு சான்று

4 மார்ச் 2008, செவ்வாய்

மறுபடியும் நீக்கிவிட்டான். மூன்றாவது தடவை.

ஆபீஸ் விட்டதும் திருவொற்றியூர் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் பவுல்குப்பம் பற்றிய கட்டுரை. நான் சேர்த்த வரி: "1987-இல் தொழிற்சாலைக்காக மீனவர்கள் அடித்து விரட்டப்பட்டனர்." காணோம். காரணம்: "சான்று இல்லை." பழைய வரி திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது: "மக்கள் விருப்பத்துடன் இடம்பெயர்ந்தனர்." அதற்கு மட்டும் அடிக்குறிப்பு உண்டு. அந்தத் தொழிற்சாலையே போட்ட பத்தாம் ஆண்டு விழா மலர், பக்கம் 12.

விருப்பத்துடனாம்! அம்மாவின் இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் போகாது. போலீஸ் லத்தி. எனக்கு அப்போது ஏழு வயது. கண்ணால் பார்த்தேன்.

6 மார்ச்

நீக்குகிறவர் பெயர் 'நெடுவழி'. புனைபெயராக இருக்கும். உரையாடல் பக்கத்தில் கேட்டேன்: அடிபட்டவர் என் அம்மா, அங்கே வலை போட்டவர் என் அப்பா, இது போதாதா?

பதில் வந்தது: "உங்கள் வீட்டார் சொன்னதைப் படிக்கிறவர் எப்படிச் சரிபார்ப்பார்? அச்சில் வந்த செய்தி இருந்தால் தாருங்கள்."

மரியாதையாக வேறு எழுதுகிறான். அடிச்சவன் மலர் போட்டா சான்று, அடிபட்டவ வாயால சொன்னா கதையா? எங்க குப்பத்துல யாருகிட்ட அச்சாபீஸ் இருந்துச்சு?

9 மார்ச், ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு? வுட்டுத் தள்ளு" என்றார். குப்பத்துப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். கோழை.

அந்தச் சொல்லை எழுதியாயிற்று. அழிக்க மாட்டேன்.

14 மார்ச், வெள்ளி

அரை நாள் லீவு போட்டு நூலகம். பழைய செய்தித்தாள் கட்டுகள். மூன்று மணி நேரம் தூசியில் தும்மித் தும்மி —

கிடைத்தது! 1987 செப்டம்பர் 19, ஐந்தாம் பக்கம், உள்ளங்கை அளவுச் செய்தி. பவுல்குப்பத்தில் தடியடி. குடிசைகள் இடிப்பு. பெண்கள் பதினொருவர் காயம்.

கடைசிப் பத்தியைப் பிறகுதான் படித்தேன். இடத்தைக் காலிசெய்யச் சம்மதம் என்று குப்பத்தின் சார்பில் நான்கு பேர் முந்தின வாரமே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான்கு பெயர்களும் இருக்கின்றன.

முதல் பெயர் இன்னாசி.

அப்பா.

15 மார்ச்

ஜெராக்ஸ் பையிலேயே கிடக்கிறது.

16 மார்ச், குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் தாளை அவர் முன்னால் போட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

"கையெழுத்துப் போட்டியா நைனா?"

"போட்டேன்."

"இன்னான்னு தெரியாமயா போட்ட?"

கையிலிருந்த குருத்தோலையை மடித்துக்கொண்டே இருந்தார். "பாதி தெரியும். வாட்ச்மேன் வேலை தர்றேன்னாங்கோ. போலீசு வரும்னு தெரியாது. மாதா மேல சத்தியமா தெரியாது."

அந்த வாட்ச்மேன் வேலையில்தான் நான் காலேஜ் படித்தேன். கம்ப்யூட்டர் தொட்டேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். யாரை ஏசினேன்? எனக்கே தெரியல.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "எனுக்கு அன்னிக்கே தெரியும். அந்த ஆளு வாயால வரட்டும்னு இருந்தேன். இருவது வருசம்."

18 மார்ச்

தடியடியை மட்டும் எழுதினால் என்ன? கையெழுத்தை விட்டுவிடலாம். யார் போய் அந்தக் கட்டைப் புரட்டப் போகிறார்கள்?

மலர் போட்டவனும் இப்படித்தானே நினைத்திருப்பான். சீ.

20 மார்ச்

இரண்டையும் எழுதினேன். தடியடி, பதினொரு பெண்கள். வேலை தருவதாகச் சொல்லி நால்வரிடம் வாங்கிய கையெழுத்து. 'வேலை தருவதாகச் சொல்லி' என்பதைப் பிறகு நானே வெட்டினேன், அது செய்தியில் இல்லை. நாள், பக்கம் எல்லாம் கொடுத்தேன். 'விருப்பத்துடன்' வரியை நெடுவழியே எடுத்துவிட்டார். நன்றி சொல்ல மனசு வரவில்லை.

22 மார்ச், பெரிய சனி

கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வந்து வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா எழுந்து போகவில்லை.

"நாலு பேருன்னு மட்டும் போட்டுக்கீற."

"ஆமா."

"மத்த மூணு பேரும் செத்துப்பூட்டாங்கோ. அவங்கள வுட்டுரு. என் பேரப் போடு."

"யாரு வேணா படிப்பாங்க நைனா. குப்பத்து ஆளுங்களும் படிப்பாங்க."

"படிக்கட்டும்."

சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு சென்டருக்கே வந்துவிட்டார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல 'இ' எதும்மா?" என்றார்.

கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. விரலை நீட்டிக் காட்டினேன்.