பொய் நீலம்

இன்று காலை எங்கள் தெருத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். குழாயைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நீ போய் மூன்று வருடமாகிறது. இந்த வாடை வரும்போதெல்லாம் எனக்கு அந்த இட்லிக் கடை வாசலும், அங்கே நீ நின்ற நிற்பும்தான் நினைவுக்கு வருகின்றன.

வேலூரில் ஒரே ஆய்வகத்தில் ஒரே வாரம் சேர்ந்தோம். நீ ஆம்பூர்த் தோல் வியாபாரியின் மகள். என் வீடு வாலாஜாவில். அப்பா தோல் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்திலேயே வேலைக்காலத்தைக் கழித்தவர். "உங்கப்பா பதம் பண்ண தோலத்தான் எங்கப்பா வித்திருப்பாரு" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தாய். அதற்குப் பிறகு நமக்குள் கூச்சம் இருக்கவில்லை.

நம் வேலை ஒரு மஞ்சள் நிறப் பொடி. உலோகத்தையும் கரிமச் சேர்மத்தையும் கோத்துச் செய்தது; ஒரு சிட்டிகைக்குள் எண்ண முடியாத நுண்துளைகள். உடம்பில் நொதிகள் செய்யும் வேலையை அது செய்யும், ஆனால் நொதியைப் போல வெயிலில் கெட்டுப்போகாது. அந்தப் பொடியையும் நிறமில்லாத ஒரு சாயத்தையும் தாளில் பூசி வைத்தோம். தோல் கழிவிலிருந்து இறங்கும் கெட்ட வகைக் குரோமியம் தண்ணீரில் இருந்தால், ஒரு சொட்டு விட்டதும் தாள் நீலமாகும். உன் அம்மாவுக்கு நீ அதை விளக்கியபோது நானும் இருந்தேன். "அம்மி, தேன்கூடு மாதிரி இது. ஒவ்வொரு ஓட்டைலயும் ஒரு ஆளு உக்காந்து வேலை செய்றான்னு வெச்சிக்கோ." உன் அம்மா நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் கேட்டார்: "அவனுக்கெல்லாம் சம்பளம் யாரு குடுக்கறது?"

ஆய்வகத்தில் தாள் நன்றாக வேலை செய்தது. அதனால் பாலாற்றங்கரையை ஒட்டிய ஒரு தெருவுக்கு எடுத்துப்போனோம். முதல் வீடு மேரி அக்காவுடையது. வாசலில் இட்லிக் கடை, பின்னால் கிணறு. ஒரு சொட்டு விட்டோம். தாள் பளிச்சென்று நீலமானது. இரண்டு வருட உழைப்பு கண்ணெதிரே நிறம் மாறுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இருடி, லேப் மெஷின்ல ஒரு தடவ பாத்துடலாம்" என்றாய் மெதுவாக. அதற்குள் நான் கத்திவிட்டேன்: "அக்கா, இந்தத் தண்ணிய குடிக்காதீங்க! குரோம் இருக்குது!"

தெருவே கேட்டது. மறுநாளே கடைக்கு ஆள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் மேரி அக்கா அடுப்பை மூட்டவில்லை.

நான்காம் நாள் காலை ஹாஸ்டல் குழாய்த் தண்ணீரை ஒரு தாளில் சும்மா விட்டுப் பார்த்தாய். நீலம். டம்ளரை எடுத்து முகர்ந்தாய். விடியற்காலையில்தான் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். உடனே மேரி அக்காவுக்குப் போன் போட்டாய்.

"அக்கா, நாங்க வர்றதுக்கு முன்னாடி கிணத்துல எதனா போட்டாங்களா?"

"நீங்க வர்றதுக்கு மொத நாளு பிளீச்சிங் பவுடர் போட்டாங்கம்மா. இன்னா இப்போ?"

அன்று எடுத்துவந்து, இன்னும் சோதிக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரைப் பெரிய மெஷினில் வைத்தோம். கெட்ட குரோமியம் இல்லை. பவுடரிலிருந்த குளோரின்தான் சாயத்தை நீலமாக்கியிருக்கிறது.

"போன்லயே சொல்லிடலாம்" என்றேன். நேரில் போனால் நம் தாளை இனி எவர் நம்புவார் என்றும் கேட்டேன். கத்தியது நான் என்பதால் எனக்குக் கால் வரவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை குத்தவில்லை. "தெரு கேக்க சொன்னோம். தெரு கேக்கத்தான் திருப்பி சொல்லணும். கெளம்பு" என்றாய்.

அன்று மத்தியானம் வீடு வீடாகப் போனோம். கதவு தட்டி, ஆளை வெளியே கூப்பிட்டு, "நாங்க தப்பா சொல்லிட்டோம், அக்கா கிணத்துல குரோம் இல்ல" என்று பதினோரு வாசலில் சொன்னாய். ஒரு வாசலில்கூட 'இவள்' என்று சொல்லவில்லை. 'நாங்க' என்றே சொன்னாய். மேரி அக்காவிடம் கடைசியாகப் போனோம். "படிச்ச பொண்ணுங்கதான நீங்க? பாத்து சொல்ல மாட்டீங்களா?" என்று அவர் கேட்டபோது நீ தலையைக் குனியவில்லை. "ஆமாக்கா, பாத்து சொல்லியிருக்கணும்" என்றாய். அவர் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை கடை திறந்ததும் போய், தெருவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கேட்டு வாங்கிக் குடித்தாய். நானும் குடித்தேன். அன்றும் அவர் நம்மிடம் முகம் கொடுக்கவில்லை.

அடுத்த ஆறு மாதம் அந்தத் தவறிலேயே உட்கார்ந்தோம். விடை எளிமையாகத்தான் இருந்தது: இரண்டு தாள்கள். ஒன்றில் பொடியும் சாயமும், மற்றதில் சாயம் மட்டும். குளோரின் என்றால் இரண்டும் நீலமாகும். குரோமியத்துக்குப் பொடியின் துணை வேண்டும், அதனால் ஒன்று மட்டும் மாறும். மறுபடி அந்தத் தெருவுக்குப் போனபோது பாதிக் கதவுகள் திறக்கவில்லை. மேரி அக்காதான் எதிரே வந்தார். "தப்புன்னா வந்து சொல்றவங்க இவங்க. தண்ணி குடுங்க, பாக்கட்டும்" என்று பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தார்.

தெருக்கோடியில் இருந்த போர்வெல் தண்ணீரில் ஒரு தாள் மட்டும் நீலமானது. இந்த முறை யாரிடமும் சொல்லாமல் பாட்டிலில் எடுத்துவந்து மெஷினில் பார்த்தோம், மறுநாளும் பார்த்தோம், அதன் பிறகே சொன்னோம். அங்கே இப்போது குழாய்த் தண்ணீர் வருகிறது. உன் வீட்டில்தான் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. "நம்ம தொழிலையே காட்டிக் குடுக்கறியா?" என்று அப்பா கேட்டாராம். "தண்ணிய காட்டறேன்ப்பா, தொழில இல்ல" என்றாயாம். பஸ்ஸில் இதைச் சொல்லும்போது உன் கண் கலங்கியது.

அடுத்த ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. பிறகு நீ இல்லை. உன் வீட்டு வாசலில் பெண்களோடு மேரி அக்காவும் உட்கார்ந்திருந்தார்.

நான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தின் தண்ணீர் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் வேறொரு இடத்துப் பாட்டிலை மாற்றிச் சோதித்துவிட்டேன் என்று தெரிந்தது. போனைக் கையில் எடுத்தேன். பிறகு பையில் போட்டுக்கொண்டு காவேரிப்பாக்கம் பஸ் ஏறினேன். தலைமை ஆசிரியை கோபப்படவில்லை. "இவ்ளோ தூரம் வந்தீங்களா? போன்ல சொல்லியிருக்கலாமே, மேடம்" என்றார்.

"நேர்ல சொல்லித்தான் பழக்கம்" என்றேன். யார் பழக்கியது என்று அவர் கேட்கவில்லை.