எட்டுப் பல் தெரியச் சிரிக்கவும்

மார்ச் 8, சனி

நூலக மாடியில் மின்விசிறி ஓடவில்லை. கையால் விசிறிக்கொண்டே நையாண்டிப் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்றபின் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு வசதி: தூங்குகிறவர்கள் ஒளிக்காமல் தூங்குகிறார்கள்.

வகுப்புக்கு வரும் நர்ஸம்மா தான் எழுதியதை வாசித்தார். ஊசிக்குப் பயந்து அழும் நோயாளிகளைப் பற்றி. எல்லோரும் சிரித்தோம். பிறகு ஏனோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ஏன் சார் இப்படி ஆயிடுச்சு?"

"படுத்திருக்கறவர அடிச்சா எப்படிம்மா நல்லாருக்கும்? நிக்கிறவங்க யாரும் இல்லையா உங்க ஆஸ்பத்திரியில?"

"ஒருத்தர் இருக்கார் சார். நல்லா நிமிந்தே நிக்கிறார்."

மேலாளராம். இரவுப் பணிக்கு இன்னொரு நர்ஸ் கேட்டதற்கு, 'எப்போதும் சிரித்த முகமாக இருங்கள்' என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

மார்ச் 15, சனி

அருமை! நர்ஸம்மா 'சிரிப்பு விதிமுறைகள்' என்று சுற்றறிக்கை போலவே எழுதியிருக்கிறார். பொது வார்டில் நான்கு பல் தெரிய வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு. இரண்டு கையிலும் சாமான் இருந்தால் கண்ணால் சிரிக்கலாம். இரவில் தனியாக இருப்பவர் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துப் பழகவும்.

சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்படி ஆகிவிட்டது. கடைசி வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன்: 'இப்படிச் சிரித்தால் ஆள் பற்றாக்குறை தீர்ந்துவிடும்.' முகம் மாறாமல் சொல்வதுதான் அழகு. விளக்கினால் பட்டாசு நமுத்துப்போகும்.

மார்ச் 19, புதன்

நர்ஸம்மா போன் செய்தார். ஓய்வறையில் தான் ஒட்டியிருந்ததை மேலாளர் படித்துவிட்டு, "யாரோ பொறுப்பா எழுதியிருக்காங்க" என்று மகிழ்ந்து, முத்திரை குத்தி எல்லா வார்டிலும் ஒட்டிவிட்டாராம்! நாற்காலி வரியை மட்டும் நீக்கிவிட்டார். மேசை, நாற்காலி பராமரிப்புத் துறையைச் சேர்ந்தவையாம்.

"கூட வேலை பாக்கறவங்க யாரும் பேச மாட்டேங்கறாங்க சார். ஜால்ராங்கறாங்க."

மனைவியிடம் சொன்னேன்.

"கடைசி வரிய அடிக்கச் சொன்னது யாருங்க?"

"நான்தான்."

"அப்ப ஜால்ராவுல ஒரு பக்கம் உங்களுது."

படிக்கப்போவது யார் என்று கேட்டேனா நான்? முகம் மாறாம சொல்லு, முகம் மாறாம சொல்லுன்னு... படிக்கிறவன் பிடிச்சுக்க ஒரு நூல் நுனியாவது விட வேண்டாமா?

மார்ச் 21, வெள்ளி

நர்ஸம்மா கூப்பிடவில்லை. எனக்கும் கூப்பிட வாய் வரவில்லை.

மார்ச் 22, சனி

வந்துவிட்டார். வந்ததும் தண்ணீர் கேட்டார்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி, தீவிர சிகிச்சைப் பிரிவில் விதிப்படியே சிரித்திருக்கிறாள். "எம்புள்ள இப்படிக் கெடக்கறான், பல்லக் காட்டுறியா?" என்று ஒரு தாய் கதறிவிட்டாள். அந்தப் பெண்ணும் அழுதிருக்கிறாள். நம் நர்ஸம்மா நேரே மேலாளர் அறைக்குப் போய்விட்டார்.

"சார், அது நூலக வகுப்புக்காக உங்களக் கிண்டல் பண்ணி நான் எழுதுனது. தயவுசெஞ்சு கிழிச்சிடுங்கன்னு சொன்னேன். 'எங்க கிண்டல்?'னு கேட்டார். ஒவ்வொரு வரியா காட்டினேன். 'நீங்க போலாம்'னுட்டார்."

வேலை போய்விடுமோ? நான் வந்து, சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொல்கிறேன் என்றேன்.

"வேணாம் சார். நீங்க விளக்கினா அது இன்னொரு சுற்றறிக்கை ஆயிடும்."

அந்த நிலையிலும் வகுப்பைச் சிரிக்கவைத்துவிட்டார். என்ன மனுஷி!

மார்ச் 26, புதன்

தாள்களை மேலாளரே ஸ்டூல் போட்டு ஏறிக் கிழித்தாராம். கூட வேலை பார்ப்பவர்கள் நர்ஸம்மாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் வேலையைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

பாடம் பாதியில் இருக்கும்போது வாசலில் ஒருவர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் ஒரு தாள். நர்ஸம்மா எழுந்தே நின்றுவிட்டார். அதிலிருந்துதான் யாரென்று புரிந்தது.

"நான் எழுதக் கத்துக்க வரல சார்," என்றார் என்னிடம். "படிக்கத்தான் தெரியலன்னு ஆயிடுச்சு. அதுக்கு வந்தேன்."

பிறகு தாளை நர்ஸம்மாவிடம் நீட்டினார். "ராத்திரி வேலைக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்மா. நீங்க ஒரு தடவ பாத்துடுங்க. இது நிஜமாவே கேக்கறதுன்னு அவங்களுக்குப் புரியணும்."

நர்ஸம்மா வாங்கிப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க சார். முதல் வரியிலயே வேலை இருக்கு."