வார்சியா அல்தாவை விட்டு வெளிக்கிடாதே

வெள்ளவத்தை

அன்புள்ள மகன் மிதுஷனுக்கு,

நானும் தங்கச்சி சாருஜாவும் சுகம், பிரேசிலில் உன்னையும் மயூரபதி அம்மன் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டும். உடனே அறையை விட்டு, உன்னோடு வேலை செய்கிற செலியா அக்கா வீட்டுக்குப் போ என்று மெசேஜ் போட்டேன், ஏன் என்று கேட்காமல் போனாய், நல்ல பிள்ளை. காரணத்தை ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன், சாருஜா படம் பிடித்து அனுப்புவாள். இருந்து வாசி ராசா. உன்னோடு ஒன்றாய்ப் பிளேன் ஏறிய கிஷாந்த், கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரனோடு காட்டுப்பாதையால் முந்திப் போனவன், ஆற்றில் அள்ளுண்டு போய்விட்டானாம். கூடப் போன பெடியன் ஒருவன் கோல் எடுத்துச் சொன்னானாம். நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவன் அம்மா பிறிஜெற்றோடு இருந்துவிட்டு வந்தேன். வந்து செருப்புக்கூடக் கழற்றவில்லை, ஏஜென்சிக்காரன் கோல் எடுக்கிறான். "அன்ரி, தம்பியை ரெடியாய் இருக்கச் சொல்லுங்கோ, வாற கிழமை வெளிக்கிடுறது" என்றான். கிஷாந்த் எங்கே என்று கேட்டேன். "அவர் சோக்கா இருக்கிறார், கவரேஜ்தான் இல்லை" என்றான், கொஞ்சமும் தடுமாறவில்லை மகன். "என்ர பிள்ளை வரமாட்டான்" என்று மட்டும் சொன்னேன். "தம்பி இருக்கிறது எங்கட அறை, மறந்திடாதேங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் உனக்கு மெசேஜ் போட்டேன்.

வார்சியா அல்தாவில் ஒரு சேர்ச், ஒரு சதுக்கம், ஒரு பஸ் ஸ்ராண்ட், சுற்றிவரக் கரும்பு, உடுப்பெல்லாம் சிவப்புப் புழுதி, கடல் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டும், மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள், இதெல்லாம் ஒரு ஊரா அம்மா என்று அலுத்துக்கொள்வாய். சாருஜா ஃபோனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள். எனக்குச் சேர்ச்சும் தெரியவில்லை, சதுக்கமும் தெரியவில்லை, அந்த ஊருக்கு வருகிற ரோட்டுகள்தான் தெரிந்தன. ஏஜென்சி ஆக்கள் எதால் வருவாங்களோ என்று விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். நீ கோழி ஃபாக்டரிக்குத் தனியாகப் போகாதே, செலியா அக்காவோடு போ, அவவோடு திரும்பி வா. சேர்ச் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போ. அகதி விண்ணப்பம் கொடுத்துத்தானே இருக்கிறாய், வேலையும் இருக்கிறது. கனடா வேண்டாம் ராசா. அந்த அலுப்பு ஊரிலேயே அலுத்துக்கொண்டு உயிரோடு இரு.

அம்மன் உனக்குத் துணை, வாயைக் கட்டாமல் நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மறவாதே. பிறிஜெற்றுக்கு நீ இப்போது கோல் எடுக்க வேண்டாம். பிரேசில் நம்பரைக் கண்டால் கிஷாந்த்தான் என்று ஓடி வருவா.

உன் அம்மா,
அருந்ததி