ஏற்றத்தில் நிற்காத கார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் பழைய காரை நான் விற்கப்போவதாகச் சித்தி உனக்குச் சொல்லியிருப்பாள். பொய். வீட்டு முற்றத்திலேயே வைத்து அதற்கு ஜப்பான் என்ஜின் பூட்டியிருக்கிறேன். குழியில் இறங்கினாலும் தூக்கிப்போடாதபடி ஸ்பிரிங்கும் புதிது.

உனக்குப் பிரசவ வலி கண்ட அன்று தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வாசலில் நின்றது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மகள் லொறியில் போகமாட்டாள் என்றது நான்தான். கார் கொட்டகலை ஏற்றத்தில் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிரில்லாத பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்தபோது முகம் பார்த்தது நான் மட்டும். உன் மூக்கு. ஏழு வருஷமாக இதை உனக்குச் சொல்லவில்லை.

நேற்று மெக்கானிக் பக்கீர் அதே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார்.

"இனிமே நிக்காதும்மா. ஆனா ஏத்திட்டுப் போக யாரு இருக்கா?"

"வாயைக் குறைங்க நானா, நட்டை முடுக்குங்க" என்றேன்.

அவர் கேட்டது சரிதான். உனக்கு இனிப் பிள்ளை இல்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இருந்தும் அந்த என்ஜினைப் பூட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இதுவரை போட்ட ஐந்து கடிதத்துக்கும் பதில் இல்லை. நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சித்தியிடம் சொல்லி அனுப்பாதே. வரமாட்டேன் என்பதையாவது உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா