வாக்கி டாக்கி பிழைத்த கதை

அன்புள்ளவருக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் அப்பாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. எலுமிச்சை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் என்றால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். என் வாக்கி டாக்கியைக் கெடுத்துவிட்டேன். பதறாதீர்கள், நானே சரியும் செய்துவிட்டேன்.

அதன் திரையில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் தெரிவதில்லை. பெரிய எழுத்து காட்டும் மென்பொருளை யாரோ இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். நீங்கள் செய்வதைப் போலவே கேபிளை மாட்டி ஏற்றினேன். எழுத்து ஜம்மென்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம், என் கை சும்மா இருக்குமா? மெனுவுக்குள் புகுந்து புரியாததை எல்லாம் மாற்றினேன். பேசும் பட்டன் வேலை செய்யாமல் போனது. சரி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம் என்று இன்னொன்றை அமுக்கினேன். திரையே இருண்டுவிட்டது.

தோட்டத்துப் பம்பு ரூமில் செல்போன் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா அங்கே மயங்கி விழுந்ததிலிருந்து, அவ்வப்போது வாக்கி டாக்கியில் அவர் குரல் கேட்டால்தான் எனக்கு வேலை ஓடுகிறது. என் பெட்டி படுத்துவிட்டதால் அவர் பின்னாலேயே நடந்தேன். "நான் என்ன பச்சைக் குழந்தையா, காவலுக்கு வர்றே?" என்று சிடுசிடுத்தார். பிறகு தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

பெட்டி முடங்கினால், பேசும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆன் செய்து மென்பொருளை ஏற்ற வேண்டும் என்று நீங்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. செய்தேன். திரை இருட்டுதான், ஆனால் அதிலுள்ள டார்ச் விளக்கு எரிந்தது. உயிர் இருக்கிறது! மென்பொருளை மறுபடி ஏற்றியதும் திரை வந்தது. ஆனால் அப்பா குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலி, பேட்டரி என்று அந்தந்தப் பெட்டிக்கே உரிய அளவீடுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

நீங்கள் கிளம்பும் முன் நம் இரண்டு பெட்டிகளின் அளவீடுகளையும் மற்ற அமைப்புகளையும் நகல் எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பெயராவது உருப்படியாக வைத்தீர்களா? ஒன்று, இரண்டு. எது யாருடையது என்று நான் ஜோசியமா பார்ப்பது? ஒன்றை எடுத்து ஏற்றினேன். அது உங்களுடையது; இப்போது அப்பா வைத்திருக்கும் பெட்டியின் நகல்.

ஆன் செய்தால் என் பெட்டியில் "குறைவாகப் பேசு" என்று வரும்படி வைத்துக் கொடுத்தீர்கள் அல்லவா? அன்று அந்த இடத்தில் "வாயாடி, பேசு" என்று வந்தது. நேரில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டீர்கள், உங்கள் பெட்டியில் இதையா எழுதி வைத்திருந்தீர்கள்? அணைத்து அணைத்து மறுபடி பார்த்தேன். அப்பாவிடம் காட்டினால், "தினமும் காலையில இதைத்தான் பார்க்கிறேன். எனக்கா எழுதியிருக்கான்? உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் உங்கள் அளவீடு என் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. பேட்டரி தீரப்போகும் நேரத்திலும் முழுதாக இருப்பதாகக் காட்டியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தது. அடுத்த நகலை ஏற்றிய பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அப்பாவின் இருமல்கூடப் பக்கத்தில் கேட்கிறது. "குறைவாகப் பேசு" என்பதை மட்டும் எடுத்துவிட்டு, உங்கள் வரியை நானே தட்டி வைத்துக்கொண்டேன்.

அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் விருப்பம், எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்று எழுதியிருந்தேன். அது அந்தப் பேட்டரி காட்டிய பொய்க் கணக்குதான். கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவுக்காகக் கேட்கவில்லை, அவரை நான் பார்த்துக்கொள்வேன். எனக்காகக் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பேசச் சொன்னீர்கள், பேசிவிட்டேன்.

உங்கள்
வாயாடி