நாலு கண் பார்த்த உள்ளான்

நெமிலிச்சேரி,
ஐப்பசி மாதம், புதன்கிழமை.

அன்புள்ள பிரியாவுக்கு,

பூங்காவனம் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும். உனக்கு மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுக்காததில் தப்பில்லை. காட்டுப்பாக்கத்தில் நீ இருந்த ஃப்ளாட்டுக்குப் போய், வாட்ச்மேனிடம் கெஞ்சி உன் ஹைதராபாத் விலாசத்தை வாங்கினேன். அவரை ஒன்றும் சொல்லாதே. சொந்தக்காரி என்று பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

திருமழிசை கம்பெனியில் அதே பேக்கிங் செக்‌ஷன்தான். இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள், அவர்கள் வேலையும் என் தலையில். காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வருகிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டி ஓட்டி என் வீட்டுக்காரருக்கு, அதான் நீ அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, இடுப்பு போய்விட்டது. இன்று கரண்ட் இல்லை என்று கம்பெனியில் லீவு விட்டதால் உட்கார்ந்து எழுத முடிகிறது.

நம் ஏரியைப் பற்றிக் கேட்பாய். கேட்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். தென்கரையில் இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணும் கொட்டி, நீ ஸ்கூட்டர் நிறுத்துகிற இடமே இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் குறைவுதான். மழை இன்னும் பிடிக்கவில்லை. உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கிறது. நத்தைகுத்தி நாரை நிறைய. நெடுங்கால் உள்ளான் கத்திக்கொண்டே இருக்கிறது. வாத்து இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு போக வேண்டாம் என்றுதான் படுத்திருந்தேன். உடம்பு அப்படி அலுத்திருந்தது. பிறகு என்னவோ தோன்றி எழுந்து, பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாகப் போனேன். இப்போதெல்லாம் தனியாகத்தான். கலங்கல் அருகே தண்ணீரில் சின்னதாக இரண்டு மிதந்தன. வெள்ளையும் சாம்பலுமாக இருந்தன. கண்ணுக்குப் பின்னால் மை இழுத்தது போல் கருப்பு. மூக்கு ஊசி மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சுற்ற ஆரம்பித்தது. இருந்த இடத்திலேயே, நிற்காமல். அப்புறம் மற்றதும் சுற்றியது.

அதேதான் பிரியா. போன வருடம் நீ பார்த்து, பம்பர உள்ளான் என்று பேர் வைத்தாயே, அது. கடல் பக்கம் போகிற பறவை, வழியில் நம் ஏரியில் இறங்கியிருக்கிறது. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

இதை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். போன ஐப்பசியில் நீ கையை நீட்டி அக்கா, அங்க பாருங்க என்றபோது நானும் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அது மூன்று சுற்று சுற்றியது வரை பார்த்தேன். உன் கேமரா ரிப்பேரில் இருந்தது, போட்டோ இல்லை. பறவை பார்க்கிற நம் வாட்ஸ்அப் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். அபூர்வமான பறவை என்றால் போட்டோ வேண்டும், இல்லையென்றால் நாலு கண் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தர் சொன்னால் பட்டியலில் ஏறாது. அன்று சாயங்காலம் பட்டியல் போடுகிற நாகேந்திரன் சார், நீங்களும் பாத்தீங்களாம்மா என்று குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை சார், சாதாரணக் கொசு உள்ளானாக இருக்கலாம் என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்டால், வயிற்றெரிச்சல். வேறு ஒன்றும் இல்லை. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரி. எங்கள் மாட்டை நான் குளிப்பாட்டிய தண்ணீர். அதில் இதுவரை யாரும் பார்க்காத பறவை, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃப்ளாட்டுக்கு வந்த உன் கண்ணில் போய் முதலில் படுகிறதே என்று எரிந்தது. அடுத்த வாரம் சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னொருவர், உன் பழைய குறிப்புகளையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்றார். நீ குழுவை விட்டே போய்விட்டாய். என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை குழுவில் எழுதிவிட்டேன். போன வருடம் பிரியா பார்த்தது உண்மை, நானும் பார்த்தேன், பொய் சொன்னது நான்தான் என்று எழுதினேன். நாகேந்திரன் சார் கோபப்படவில்லை. ஒரு வருஷம் கழிச்சு சாட்சி சொன்னா எப்படிம்மா ஏத்துக்கறது, அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யான்னு நாங்க எத வச்சு முடிவு பண்றது என்றார். பட்டியலில் உன் பறவை ஏறவில்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இனிமேல் நான் எதைப் பார்த்தேன் என்றாலும் போட்டோ கேட்பார்கள். என் போனில் கொக்கைப் பிடித்தாலே சுண்ணாம்புப் பொட்டு மாதிரித்தான் தெரியும்.

உன் அண்ணன் வேம்புலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற, தப்பு பண்ணது நீ, அந்தப் பொண்ணு ஊட்டுக்கு ஒரு லெட்டரு போடு, போன்ல அழுதா அது நம்பாது என்றார். இடுப்பு வலியிலும் அவருக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

இந்த வருடத்து இரண்டையும் பற்றிக் குழுவில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. என் நோட்டில் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். போன வருடத் தேதியில் காலியாக விட்டிருந்த வரியிலும் எழுதிவிட்டேன். முதலில் உன் பேர், கீழே என் பேர். அந்த நோட்டை யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் எழுதினேன்.

நேற்று காலை ஷிஃப்டுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். இன்னும் இருந்தன. மழை இறங்கித் தண்ணீர் ஏறினால் கிளம்பிவிடும். கூரியர்காரர் வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும் என்கிறார். ஞாயிறு காலை ஆறரைக்குக் கலங்கல் பக்கம் இருப்பேன். உனக்கு ஆபீஸ் இருக்கும், டிக்கெட் கிடைக்காது, என் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காமல் இருக்கலாம். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அங்கே ஏரிகள் நிறைய என்கிறார்கள். உன்னோடு கரையில் நிற்கிறவள் என்னை மாதிரி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

வர முடியாவிட்டால் ஒரே ஒரு வரி அனுப்பு, போதும். போன ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பார்த்தேன், பக்கத்தில் யாரும் இல்லை. நான் பார்த்தேன் என்று நீயாவது நம்புகிறாயா?

இப்படிக்கு,
பூங்காவனம்