ஃபாதரின் பல் செட்

செப்டம்பர் 3, செவ்வாய்

எனக்கு வருஷத்தை எண்ணால் சொல்ல வராது. ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்ததே, ரயில்காரர்கள் ஒரு மாசம் வேலைக்குப் போகாமல் இருந்தார்களே, இவளைக் கட்டி இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தேனே, அந்த வருஷம். கடைத்தெரு எரிந்ததும் அதே வருஷம்தான். நாற்பத்தெட்டு ஆகிறது என்று இவள் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் இவள்தான். எனக்குக் கையெழுத்துப் போடுவதே படம் வரைகிற மாதிரி.

இன்று ஃபாதர் கைக்குட்டையில் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். பிரித்தால், நான் கட்டிக்கொடுத்த மேல் பல் செட் நடுவில் விரிந்து இரண்டாகக் கிடக்கிறது. கழுவும்போது தொட்டியில் விழுந்துவிட்டதாம். போன ஞாயிறு தூரத்து ஊர் மாதா கோயிலில் பூசை நேரத்தில் புகுந்து பதினோரு பேரைக் கொன்றார்களே, அதில் பூசை வைத்துக்கொண்டிருந்த குருவும் இவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். கொன்றவர்கள் முஸ்லிம்கள். மதத்தின் பேரைச் சொல்லித்தான் கொன்றார்கள்.

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பச்சையா கண்டிக்கப்போறேன், பெரியவரே. அதுக்குள்ள பல்லு வேணும்."

பல் இல்லாமல் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல உள்ளே போயிருந்தது.

"தந்துடறேன் சாமி" என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

ஒட்டியாயிற்று. அச்சு எடுத்து, விரிசலை அரத்தால் அகலமாக்கி, ஈறு நிறத்து ரோஸ் பொடியைக் குழைத்து அடைத்து, மெருகும் போட்டாயிற்று. அரைநாள் வேலை. தண்ணீர் டப்பாவில் போட்டு அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். சாயங்காலம் ஃபாதர் ஆள் அனுப்பிக் கேட்டார். திங்கட்கிழமை ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். இவளிடம் சொல்லவில்லை.

இப்போதுதான் சொல்கிறேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

செப்டம்பர் 5, வியாழன்

நேற்றுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவள், இன்று ஒரு நிபந்தனையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேசியதும் நோட்டில் ஏறவேண்டுமாம். சரி, ஏறட்டும்.

அவள் சொன்னது: "கூடப் படிச்சவன் செத்துக் கிடக்கான், வாயத் திறக்கக் கூடாதுன்னா அப்புறம் அவரு எதுக்குச் சாமியாரு? தப்பைத் தப்புன்னு சொல்றதுக்குக்கூட செஞ்சவன் நம்ம ஆளா அவங்க ஆளான்னு பார்க்கணுமா?"

நான் சொன்னது: அந்த வருஷம் பழைய ஃபாதரும் இப்படித்தான். எங்கேயோ வெளியூரில் முஸ்லிம் ஆட்கள் செய்த கொலையைப் பற்றிப் பேசினார். ஒரு வார்த்தை பொய் கிடையாது. யாரையும் அடி என்றும் சொல்லவில்லை. பூசை முடிந்து வெளியே போனவர்கள் நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாயின் பல் கடை மூன்றாவதாக எரிந்தது. உள்ளே அத்தனையும் மெழுகு. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை.

நீங்க எங்க இருந்தீங்க என்றாள்.

கோயிலுக்குள். எட்டாவது பெஞ்சில். புகை வாசனை வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. செபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன் — ஒரு எழுத்துத் தெரியாதவன்.

போன தடவை ஒன்றுமே செய்யவில்லை. இந்தத் தடவை பல்லையாவது பிடித்து வைக்கலாமே என்றுதான்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை.

செப்டம்பர் 6, வெள்ளி

பள்ளிவாசல் இமாம் வந்தார். ஊருக்கெல்லாம் ஹஜ்ரத், எனக்குத் தம்பி. அந்தப் பாயின் மகன். அவனுக்குப் பால் பல் விழுந்த நாள்கூட எனக்கு ஞாபகம். கீழ் செட் ஈறில் உறுத்துகிறது என்று கழற்றிக் கையில் கொடுத்தான். அரத்தால் ராவிக்கொண்டே, பெரிய சாமர்த்தியம் செய்தவன் மாதிரி அலமாரியைக் காட்டினேன்.

"எங்க ஃபாதர் வாயி அங்கதாண்டா இருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் பயமில்ல."

சிரிப்பான் என்று நினைத்தேன். கீழ்ப் பல் இல்லாத வாயோடு பிடித்தான் பாருங்கள் ஒரு பிடி!

"யாரைக் கேட்டுண்ணே ஒளிச்சு வெச்சே? அழுவறவன் வாயப் பொத்துறதுதான் சமாதானமா?"

"உனக்காகத்தாண்டா! அன்னைக்கு நடந்தது உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? எரிஞ்சது என் அப்பா கடை. அன்னைக்கு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'அவரு பேசினதுல தப்பில்ல. அதை நாம நம்ம பள்ளிவாசல்ல முதல்ல பேசல பாரு, அதுதான் தப்பு'ன்னாரு."

கொஞ்சம் அடங்கி உட்கார்ந்தான். "இன்னைக்கு ஜும்ஆ பிரசங்கத்துல நான் என்ன பேசினேன் தெரியுமாண்ணே? கொலை பாவம்னேன். யாரு செஞ்ச கொலைன்னு சொல்லல. முன்னால நாலு இளவட்டம் மொறைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தானுங்க. ரெண்டு செட்டும் வாயில இருந்தும் எனக்குப் பேச்சு வரல."

அரத்தைக் கீழே வைத்தேன்.

"அவரு பேசட்டும். கேட்டுட்டு வந்தாத்தான் எனக்கும் தைரியம் வரும். கோயில் வாசல்ல எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லு."

செப்டம்பர் 7, சனி

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமையே முடிந்துவிட்டது, ஒளித்து வைத்தேன், இதற்காகத்தான் என்று பழைய கதையையும் சொன்னேன். ஃபாதர் இந்தக் கோயிலுக்கு வந்து ஒன்பது வருஷம். யாரும் அவரிடம் சொன்னதில்லையாம். செட்டைப் போட்டுக் கடித்துப் பார்த்தார். "திருட்டுக் கிழவா" என்றார். பிறகு டீயும் நம் பேக்கரிக்காரர் கடை பன்னும் கொடுத்தார்.

நாற்காலி விஷயம் சொன்னேன்.

"வாசல்ல எதுக்கு? உள்ளயே வந்து உட்காரட்டுமே."

"வெளிய போறவங்க முகத்தைப் பார்க்கணுமாம், சாமி."

டீயை வைத்துவிட்டார். அப்புறம் குடிக்கவே இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

பேசினார். இளகிப் பேசவில்லை. கொன்றது யார், எந்த மதத்தின் பேரைச் சொல்லிக் கொன்றார்கள், ஒன்றையும் மறைக்கவில்லை. சிநேகிதர் பேரைச் சொன்னபோது குரல் உடைந்தது. செட் அசையவில்லை. முடிக்கும்போது சொன்னார்: "ஹஜ்ரத் வாசல்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கார். அவரு காதுபடச் சொல்ல முடியாத எதையும் நான் சொல்லல. அவருகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வீட்டுக்குப் போங்க. வீட்டுக்கு."

முதல் ஆளாக எழுந்து போய் நாற்காலி பக்கத்தில் நின்றேன். முட்டி வலி உயிர் போகிறது. வாசல் ஒன்றுதான். சிலர் கை கொடுத்தார்கள். சிலர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தர் மட்டும் வெளியே வராமல் தூணோரமாகவே நின்றார். கடைத்தெருப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

தம்பி இன்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டான். நம்ம ஆளுங்க செஞ்ச கொலை என்றே சொன்னானாம். இரண்டு இளவட்டம் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். "மீதி ரெண்டு பேரு உட்கார்ந்திருந்தாங்கண்ணே!" என்று போனில் அப்படிச் சிரிக்கிறான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தூணோரமாக நின்றவரைப் பற்றி இவள் ஒரு வாரமாகத் துளைக்கிறாள். இன்று சொல்லிவிட்டேன்.

கடைத்தெருவுக்குத் தீ வைத்தது ஆறு பேர். பிற்பாடு ஆறு பேருக்கும் நான்தான் பல் கட்டினேன். கொத்தனாருக்கு அகலத் தாடை. தபால்காரருக்கு அச்சு எடுத்தால் குமட்டும். தச்சர் புதுப் பல்லோடு நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாலேயே நின்றார். லாரிக்கார அண்ணன் தம்பிகள் செட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு என்னை வந்து திட்டினார்கள். ஐந்து பேரும் போயாச்சு.

போன ஞாயிறு எல்லாரும் போன பிறகும் தூணோரம் நின்ற அந்த ஆறாவது ஆள் வரவில்லை, தம்பியும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் தம்பிதான் கூப்பிட்டான்: "வாங்க, என்னைத் தூக்கி விடுங்க. காலு மரத்துப்போச்சு." வந்து கை கொடுத்தார். எழுந்த பிறகும் கையை விடவில்லை. தம்பி காதோரம் என்னமோ சொன்னார்; 'உங்க அப்பா கடைக்கு நானும்தான்' என்றது மட்டும் என் காதில் விழுந்தது. தம்பி தலையை மட்டும் ஆட்டினான். இன்று பூசை முடிந்து வெளியே வந்தால், இரண்டு பேரும் வாசலில் நின்று சர்க்கரை வியாதிக்கு என்ன மாத்திரை என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"யாருங்க அது, எழுதட்டுமா?" என்கிறாள்.

எழுது. அவரே வாயால் சொன்ன பிறகு நாம் மறைக்க என்ன இருக்கிறது. ஆறு பேரில் இன்னும் உயிரோடு இருப்பவர் நம் பேக்கரிக்காரர்.